விலங்குகளின் நாட்காட்டியும் விடுமுறைப் பயணத் திட்டமும்

ஆண்டுத் தேர்வுகள் முடியும் முன்பே, விடுமுறைக்கு எங்கே செல்வது என்ற பேச்சு வீடுகளில் தொடங்கிவிடுகிறது. குழந்தைகளின் விருப்பத்தைக் கேட்டால் பெரும்பாலும் புலி, யானை, காண்டாமிருகம், டால்பின் என்றே விடை வரும். பெற்றோரும் மகிழ்ச்சியுடன் இசைகின்றனர். ஆயினும் கோயிலுக்கோ கோட்டைக்கோ செல்லும் பயணத்திற்கும் விலங்குகளைக் காணச் செல்லும் பயணத்திற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கோட்டை நமக்காகக் காத்திருக்கும், விலங்கு காத்திருக்காது. அதற்கென உறங்கும் நேரம், நீர் தேடும் பருவம், மனிதர் நுழையக் கூடாத மாதங்கள் என்று தனி நாட்காட்டி உண்டு. அதை அறியாமல் போடப்படும் திட்டத்தால் பணம் வீணாவதுடன், நெடுந்தொலைவு சென்ற குழந்தைகள் மூடிய வாயிலின் முன் நின்று திரும்ப நேரிடுகிறது.

இந்தியாவில் உள்ள இத்தகைய இடங்கள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றுக்கேற்ப நாட்களையும் பணத்தையும் எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எது உயிரியல் பூங்கா, எது காப்பகம்?

உயிரியல் பூங்காவில் விலங்குகள் அடைப்பிடங்களில் பராமரிக்கப்படுகின்றன. அவற்றைக் கண்காணிக்க, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992-இல் அமைக்கப்பட்டது. அதன் அங்கீகாரம் இன்றி எந்தப் பூங்காவும் இயங்கலாகாது.

தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவை இயற்கைக் காடுகள். அங்கு விலங்குகள் தம் விருப்பப்படி திரிகின்றன. வாகனத்தில் கட்டுண்டு செல்பவர்கள் நாம்தாம். புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-இல் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 3,682 புலிகள் உள்ளன. இத்தனை புலிகள் இருந்தும், ஒரு குறிப்பிட்ட காலைப் பொழுதில் ஒரு புலி நம் பாதையைக் கடக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அவ்வாறு உறுதி கூறிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

கடல்சார் தேசியப் பூங்காக்கள் மூன்றாம் வகை. பவளப் பாறைகளும் அவற்றைச் சார்ந்த உயிரினங்களும் வாழும் கடற்பகுதிகளே இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் அமைந்தது நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்தமானில் வண்டூர் அருகே மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவும், தமிழகத்தில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும் உள்ளன.

வார விடுமுறையை முதலில் பாருங்கள்

உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாளேனும் பார்வையாளர்களுக்கு மூடப்பட வேண்டும் என்பது விதி. விலங்குகளுக்கு ஓய்வு தருவதற்கும், அடைப்பிடங்களைச் செப்பனிடுவதற்கும், மருத்துவப் பணிகளுக்கும் அந்நாள் பயன்படுகிறது. எந்த நாள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது.

சென்னை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கும் மைசூரு பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஐதராபாத் நேரு உயிரியல் பூங்காவும் புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானனும் திங்கட்கிழமை மூடப்படுகின்றன. தில்லியில் வெள்ளிக்கிழமை, கொல்கத்தா அலிப்பூரிலும் டார்ஜிலிங்கிலும் வியாழக்கிழமை. பண்டிகை நாட்களிலும் கூட்டம் மிகுந்த பருவங்களிலும் இவை மாற்றப்படுவதுண்டு. ஆகவே புறப்படும் வாரத்தில் அந்தந்தப் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நேரமும் முக்கியமானது. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவை பகற்பொழுதின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை. காலையில் பூங்கா திறந்தவுடன் சென்றால் அவை நடமாடுவதைக் காணலாம். நண்பகலில் சென்றால் மரநிழலில் முதுகு காட்டிப் படுத்திருப்பதையே காண முடியும். அறுநூறு ஹெக்டேர் அளவுக்குப் பரந்த வண்டலூர் போன்ற பூங்காவில், முதியோருடன் செல்பவர்கள் மின்கல வாகனத்திற்கு முதலிலேயே சீட்டு வாங்கிவிட வேண்டும்.

பூங்காவைக் காட்சிச்சாலையாக மட்டும் குழந்தைகள் கருதிவிடாமல், அது ஆற்றும் பணியையும் எடுத்துரைக்கலாம். உலகிலேயே முதன்முறையாகக் காப்பிடத்தில் நீள்மூக்கு முதலை இனப்பெருக்கம் செய்யப்பட்டது 1980-இல் நந்தன்கானனில்தான். டார்ஜிலிங் பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்காவில் பனிச்சிறுத்தையும் சிவப்பு பாண்டாவும் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. அங்கு பிறந்த சிவப்பு பாண்டாக்கள் 2003-இல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. இவ்விவரம் தெரிந்து பார்க்கும் குழந்தைக்கு, கூண்டின் முன் நிற்கும் ஐந்து நிமிடம் வேறு பொருள் தரும்.

காடு திறக்கும் காலம்

மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர், பேஞ்ச், மகாராட்டிரத்தின் தடோபா, ராஜஸ்தானின் ரணதம்பூர் ஆகிய காப்பகங்களின் மையப் பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடப்படுகின்றன. மழையில் காட்டுப் பாதைகள் சேறாகிவிடும்; காடும் தழைத்து மீளும் காலம் அது. ஆசியச் சிங்கங்களின் ஒரே இயற்கை வாழிடமான குஜராத்தின் கிர் காடு, ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடப்படுகிறது. அசாமின் காசிரங்காவிலோ பிரம்மபுத்திராவின் வெள்ளம் பூங்காவின் பெரும்பகுதியை மூழ்கடிக்கும். அவ்வெள்ளமே ஏரிகளையும் புல்வெளிகளையும் புதுப்பிக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கு செல்வது உகந்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் உயர்ந்த புற்கள் எரிக்கப்பட்ட பின்னர் காண்டாமிருகங்கள் தெளிவாகப் புலப்படும்.

காடுகளிலும் வார விடுமுறை உண்டு. தடோபாவின் மையப் பகுதி செவ்வாய்க்கிழமைகளில் மூடப்படுகிறது. மத்தியப் பிரதேசக் காப்பகங்களில் புதன்கிழமை பிற்பகலில் சவாரி இல்லை. மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் இவ்வாறு போய்விட்டால், எஞ்சிய இரு நாட்களுக்காகவே இத்தனை தொலைவு வந்ததாகிவிடும்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. காட்டில் நீர்நிலைகள் வற்றும் காலமாதலால், எஞ்சிய குட்டைகளைத் தேடி விலங்குகள் வரும். புலியைக் காணும் வாய்ப்பு மிகும். ஆனால் மத்திய இந்தியாவில் அப்போது வெயில் 40 பாகைக்கு மேல் செல்லும். திறந்த வாகனத்தில் மூன்று, நான்கு மணி நேரம் அமர வேண்டும். கைக்குழந்தைகளும் முதியோரும் உடன் வருவதாயின், அரையாண்டு விடுமுறைக் காலமான டிசம்பர் இறுதியே ஏற்றது. அப்போது விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளி ஆடை தேவை. தமிழகத்திலிருந்து செல்வோருக்கு, சென்னை–தில்லி ரயில் பாதையில் உள்ள நாக்பூர் வசதியான இடம். அங்கிருந்து சாலை வழியாகப் பேஞ்சுக்கும் தடோபாவுக்கும் செல்லலாம்.

கடலுக்குரிய நேரம்

கட்ச் வளைகுடாவில் ஜாம்நகரை அடுத்த நராரா என்னுமிடத்தில், கடல் உள்வாங்கும் நேரத்தில் பவளத் திட்டின்மீது நடந்தே செல்ல முடியும். ஆக்டோபசு, நண்டு, கடல் வெள்ளரி, பேத்தை மீன் ஆகியவற்றைக் கணுக்கால் அளவு நீரில் காணலாம். ஆனால் ஓதம் வற்றும் சில மணி நேரம் மட்டுமே இது இயலும்.

ஓதத்தின் கணக்கு எளியது. ஒரு நாளில் கடல் பெரும்பாலும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை எட்டு மணிக்கு வற்றினால், நாளை ஒன்பதை நெருங்கும்போது வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இவ்வேறுபாடு குறையும். எனவே வீட்டில் தொங்கும் நாட்காட்டியே முதல் வழிகாட்டி. அதில் திதியைப் பார்த்து நாளைத் தேர்ந்தபின், வனத்துறை அலுவலகத்தில் நேரத்தை உறுதி செய்துகொள்ளலாம்.

அந்தமானில் மகாத்மா காந்தி கடல்சார் பூங்காவின் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரு தீவுகளும் பருவத்துக்கு ஒன்றாக மாறி மாறித் திறக்கப்படுகின்றன. ஒரு தீவில் பார்வையாளர்கள் இருக்கும் மாதங்களில் மற்றதன் பவளங்கள் ஓய்வு பெறுகின்றன. அங்கு நெகிழிப் பொருட்களுக்கு இடமில்லை. குடிநீர்க் குடுவை உலோகத்தினாலானதாக இருத்தல் நலம். பவளம் பாறையைப் போன்று தோன்றினும் உயிரினமே; மிதித்தால் இறந்துவிடும்.

டால்பின் காட்சிகளைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். வெளிநாடுகளில் உள்ளவை போன்ற டால்பின் வித்தைக் கூடங்கள் இந்தியாவில் இல்லை. 1990-களின் இறுதியில் வெளிநாட்டிலிருந்து சென்னை அருகே கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்தன. பின்னர் 2013-இல், இத்தகைய கூடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என மத்திய அரசு அறிவித்தது. டால்பினைக் காண விரும்புவோர் ஒடிசாவின் சிலிகா ஏரியில், சாத்தபடாவிலிருந்து படகில் சென்று ஐராவதி டால்பின்களை அவற்றின் வாழிடத்திலேயே காணலாம்.

அனுமதிச் சீட்டும் போலித் தளங்களும்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர் தொடங்குகிறது. பல காப்பகங்களின் சவாரிச் சீட்டு அதற்கும் முன்பே விற்பனைக்கு வருகிறது. வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு ஜிப்சியில் பொதுவாக ஆறு பயணிகள்தாம். ஆகவே முதலில் சவாரிச் சீட்டு, அடுத்து ரயில், அதன்பின் விடுதி என்பதே சரியான வரிசை. சீட்டில் பதிந்த அடையாள ஆவணத்தின் அசலை வாயிலில் காட்ட வேண்டும். பிறர் பெயரிலுள்ள சீட்டில் நாம் செல்ல இயலாது. நாளை மாற்றினாலோ ரத்து செய்தாலோ முழுத் தொகையும் திரும்பக் கிடைப்பதில்லை.

இச்சீட்டு எளிதில் கிடைக்காது என்பதையே மோசடியாளர்கள் பயன்படுத்திக்கொள்கின்றனர். எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இணையத் தேடலில் முதலில் தோன்றிய தளத்தில் ஆறு பேருக்குச் சவாரிச் சீட்டு பதிவு செய்திருந்தார். தளத்தில் காப்பகத்தின் பெயரும் புலியின் படமும் இருந்தன. வாட்சப் வழியே சீட்டும் வந்தது. ஒரு வாரம் கழித்து, ‘திரும்பத் தரப்படும் வைப்புத் தொகை’ என்று மேலும் ஒரு தொகை கேட்டனர், அதையும் செலுத்தினார். ரயில், விடுதி அனைத்துக்கும் பணம் கட்டி, குடும்பத்துடன் விடியற்காலையில் வாயிலை அடைந்தபோதுதான் அப்படியொரு சீட்டே வழங்கப்படவில்லை என்பது தெரிந்தது. அவர் புகார் செய்வதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்து சென்றுவிட்டது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்கச் சில நடைமுறைகள் உதவும்.

முதலாவதாக, தேடல் முடிவில் மேலே தோன்றுவது விளம்பரமாக இருக்கலாம். அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். சில காப்பகங்களின் முகவரி வேறுபடக்கூடும் என்பதால், மாநில வனத்துறையின் தளத்தில் தொடங்கி அங்குள்ள இணைப்பின் வழியே உள்ளே செல்வதே பாதுகாப்பு.

இரண்டாவதாக, யுபிஐ வழியே செலுத்தும்போது ரகசிய எண்ணை இடும் முன்னர் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். வனத்துறைக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஒரு தனிநபர் பெயருக்குச் செல்வதாயின் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக, பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர் எவராயினும் அழைப்பைத் துண்டிக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டதை உணர்ந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்கில் இருக்கும்போதே தெரிந்தால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறின்றி வேறெங்கோ நேர்ந்த குறைபாட்டால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் ரகசிய விவரங்களைத் தாமே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சாரும்; தெரிவித்த பின்னர் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். தயக்கத்திலும் வெட்கத்திலும் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடியாளருக்கே பயன்படுகிறது.

பயணச் செலவுக்கான சேமிப்பு

நால்வர் அடங்கிய குடும்பம் 48,000 ரூபாய் செலவில் ஒரு பயணம் திட்டமிடுவதாகக் கொள்வோம். ஓராண்டு முன்பே மாதம் 4,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தி வந்தால், ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்ற எடுத்துக்காட்டில், முதலுடன் ஏறத்தாழ 1,500 ரூபாய்க்கு மேல் வட்டியும் சேரும். அதே தொகையை 14 விழுக்காட்டில் தனிநபர் கடனாகப் பெற்று, பயணம் முடிந்தபின் பன்னிரண்டு தவணைகளில் அடைத்தால், மாதம் சுமார் 4,310 ரூபாய் வீதம் மொத்தத்தில் 3,700 ரூபாய் வட்டியாகப் போகும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஐந்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கடன் அட்டையில் நிலுவை வைத்தால் மாத வட்டி 3.5 விழுக்காடு என்றாலே ஆண்டுக்கு 42 விழுக்காடு ஆகிறது.

பணியில் இருப்போர் விடுப்புப் பயணச் சலுகையையும் கருதலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும், இந்தியாவுக்குள் செய்யும் பயணத்தின் போக்குவரத்துக் கட்டணத்திற்கு, நான்கு ஆண்டுத் தொகுதியில் இரு பயணங்கள் வரை வருமான வரி விலக்கு உண்டு. நடப்புத் தொகுதி 2026 முதல் 2029 வரை. விடுதி வாடகை, சவாரிக் கட்டணம், பூங்கா நுழைவுக் கட்டணம் ஆகியவை இதில் சேரா. வனப்பகுதிகளில் இணையத் தொடர்பு அரிதாதலால், சிறு செலவுகளுக்குச் சிறிது ரொக்கமும் கையில் இருக்க வேண்டும்.

நம் பணம் எதை வளர்க்கிறது?

இறுதியாக, இப்பயணங்களில் நாம் செலவிடும் பணத்தின் விளைவைக் குறித்தும் சிந்திக்க வேண்டும். ‘கூடுதலாக ஐந்நூறு தருகிறேன், இன்னும் அருகில் செல்லுங்கள்’ என்று வாகன ஓட்டியிடம் கூறுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அன்று அந்த ஐந்நூறு கிடைத்தால், மறுநாளும் அவர் அதையே எதிர்பார்த்து வண்டியை நெருக்குவார். பத்து வாகனங்கள் சூழ்ந்தால் தாய்ப்புலி குட்டிகளுடன் அப்பாதையைக் கடக்க இயலாது. சிலிகாவில் படகுகள் துரத்தினால் டால்பின் மூச்செடுக்க மேலே வரவும் அஞ்சும். தொலைவில் நிறுத்திப் பொறுமையுடன் காத்திருந்த ஓட்டிக்கு, பயணம் முடிந்தபின் மனமுவந்து அன்பளிப்பு தருவோமாயின், அதுவும் மறுநாள் தொடரும்.

பூங்காக்களில் விலங்குகளுக்கு உணவு போடுவதும் அவற்றைச் சீண்டுவதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். உறையுடன் விழும் தின்பண்டத்தை உண்ணும் மானின் வயிற்றில் நெகிழி தங்கி, உயிருக்கே ஊறு விளைவிக்கிறது. கடற்கரைக் கடைகளில் பவளத் துண்டோ கடற்குதிரையோ விற்பனைக்கு இருந்தாலும் வாங்கலாகாது. அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அறியாமல் வாங்கினும் சிக்கல் நம்மையே சேரும்.

நற்செலவுக்கும் வழி உண்டு. மைசூரு, வண்டலூர் போன்ற பூங்காக்களில் ஒரு விலங்கின் உணவுச் செலவைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஏற்கும் தத்தெடுப்புத் திட்டம் செயல்படுகிறது. பறவை முதல் யானை வரை அவரவர் வசதிக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். பிறந்தநாளுக்கென வைத்த தொகையில் ஒரு பகுதியை இதற்கு அளிக்கும் குழந்தை, அப்பூங்காவை மறக்காது.

புலியைக் காணாமல் திரும்பும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் அல்லர். காடு தன் இயல்பில் இருந்தது, அவ்வளவே. மானின் எச்சரிக்கைக் குரலையும், ஈர மண்ணில் பதிந்த கால்தடத்தையும் கண்டு வந்தால் அதுவும் காட்சிதான். இதைப் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது, சீட்டுப் பதிவைப் போலவே செய்ய வேண்டிய ஆயத்தம்.